காசில் தெய்வம், தராசில் எடை

பருப்பு மூட்டையிலும் ஊதுபத்தி அட்டையிலும் தெய்வப் படம் அச்சிடுவது நம் வணிகத்தில் நெடுநாளைய வழக்கம். வாடிக்கையாளர்கள் படத்தைப் பார்த்தே சரக்கை இனம் காண்கிறார்கள். பண்டைய ரோமாபுரி அரசும் தன் வெண்கலக் காசுகளில் இதே முறையைக் கையாண்டது. அதன் வரலாறு வணிகர்களாகிய நாம் அறியத்தக்கது.

கி.மு. 225-ஐ ஒட்டி ரோமில் வார்க்கப்பட்ட பெரிய வெண்கலக் காசுக்கு ‘ஆஸ்’ என்று பெயர். அதில் இருமுகம் கொண்ட ஜேனஸ் இருந்தார். இவர் வாசலுக்கும் தொடக்கத்துக்கும் உரிய தெய்வம். அரை ஆஸில் சாட்டர்ன், மூன்றில் ஒரு பங்கில் தலைக்கவசம் அணிந்த மினர்வா, கால் ஆஸில் சிங்கத்தோல் போர்த்திய ஹெர்குலிஸ். ஆறில் ஒரு பங்கான காசில் சிறகு வைத்த தொப்பியுடன் மெர்க்குரி. இவரே வணிகர்களின் தெய்வம். எல்லாக் காசுகளுக்கும் மறுபக்கத்தில் கப்பலின் முன்பகுதி.

ஓர் ஆஸ் என்பது 12 அன்சியா. ஆகவே மெர்க்குரி காசில் 2 புள்ளிகள், ஹெர்குலிஸ் காசில் 3, மினர்வா காசில் 4. எழுத்தறியாதவரும் முகத்தையும் புள்ளியையும் பார்த்துச் சில்லறை எண்ணிக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் ஜேனஸ் காசு நம் கால் கிலோ எடைக்கல்லைவிடக் கனமானது. கி.மு. 218-ல் ஹானிபாலுடன் போர் மூண்டது. படைச் செலவு பெருகவே, அரசு காசின் எடையைப் படிப்படியாகக் குறைத்தது. கி.மு. 211 வாக்கில் ஜேனஸ் காசு சுமார் 50 கிராமுக்கு இறங்கிவிட்டது. முன்பு மெர்க்குரி காசுக்கு இருந்த எடை ஏறக்குறைய அவ்வளவுதான்! கி.மு. 90-ஐ ஒட்டி அது சுமார் 13 கிராம் ஆயிற்று. தெய்வமும் மாறவில்லை, கப்பலும் மாறவில்லை, வெண்கலம்தான் குறைந்தது.

ஆயினும் காசு செல்லுபடியானது. 10 ஆஸுக்கு ஒரு டெனாரியஸ் வெள்ளிக்காசு என்று அரசு விகிதம் வகுத்திருந்தது. பின்னர் அதுவும் 16 ஆஸ் ஆயிற்று.

அரசுக்கு ஆணையிடும் அதிகாரம் உண்டு; கடைக்காரருக்கு அது கிடையாது. பழைய படம், பழைய விலை, ஆனால் 500 கிராம் இருந்த பொட்டலம் 450 கிராம் என்றால், எடையைச் சட்டப்படி அச்சிட்டிருந்தாலும் வாடிக்கையாளர் படத்தை நம்பித்தான் வாங்குகிறார். வீட்டில் அளந்து பார்த்தபின் உற்பத்தியாளரைத் தேடிப் போகமாட்டார், நம் கடைக்குத்தான் வருவார். எடை குறைந்து வரும் சரக்கை விற்கும்போதே, “இப்போது 450 கிராம்தான்” என்று வாயால் சொல்லிவிடுவோம். அந்த ஒரு சொல்லே நம் கடையின் முத்திரை.