600 மி.மீ. ஜூம்: குறைந்த விலை லென்ஸில் நல்ல பறவைப் படம்

600 மி.மீ. லென்ஸ் நடுத்தர வருமானக்காரர்களுக்கு எட்டும் விலைக்கு வந்தது 2013 இறுதியில். டாம்ரான் நிறுவனம் அப்போது 150–600 மி.மீ. ஜூமை அறிவித்தது. சிக்மாவின் 150–600 கன்டெம்பரரியும் நிக்கானின் 200–500உம் 2015இல் வந்தன. சோனியின் 200–600 வந்தது 2019இல். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸின் விலையில் இவை சிறு பங்குதான். காரணம் முன்கண்ணாடியின் அகலம். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயின் அகலம் கிடைக்கும். எஃப்/4க்கு அது 150 மி.மீ.; எஃப்/6.3க்கு 95 மி.மீ. எஃப்/4க்கு வேண்டிய பெரிய கண்ணாடியைப் பழுதில்லாமல் வார்த்துத் தேய்க்கத்தான் செலவு. விலை குறைவதற்கு ஈடாக ஒளியும் குறைகிறது: எஃப்/4 தரும் ஒளியில் எஃப்/6.3 தருவது சுமார் 40 விழுக்காடு. இந்த லென்ஸைப் பழகுவது பெரும்பாலும் இந்தக் குறையைச் சமாளிக்கப் பழகுவதுதான்.

ஷட்டரும் ஐஎஸ்ஓவும்

ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ. காட்டும் கோணம் ஏறத்தாழ 4 டிகிரி. கேமரா இம்மி அசைந்தாலும் படம் கலங்கும். லென்ஸில் உள்ள நிலைப்படுத்தி கையின் ஆட்டத்தை மட்டுமே அடக்கும்; பறவையின் அசைவுக்கு ஷட்டர் வேகம்தான் வழி. கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு 1/500 நொடி போதும். இரை தேடி நடக்கும் நாரைக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000 தேவைப்படும். மேனுவலில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நிலைநிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவது களத்தில் தோதானது. விடிகாலையில் ஐஎஸ்ஓ 3200ஐத் தாண்டும். அதற்குப் பயந்து ஷட்டரைக் குறைக்கக் கூடாது. நாய்ஸை மென்பொருளில் குறைக்கலாம். கலங்கிய கண்ணைத் தெளிவாக்க முடியாது.

வெயில் ஏறியதும் எஃப்/8க்கு மாறலாம். இவ்வகை ஜூம்கள் பலவும் 600 மி.மீ. முனையில் சற்று மென்மையாகத்தான் இருக்கும். எஃப்/8இல் இறகின் இழைகள் கூடுதல் தெளிவு பெறும். இருண்ட பின்னணியில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்வரை குறைக்கவும், வெளிறிய வானத்தில் பறக்கும் கரிய பறவைக்கு அதே அளவு கூட்டவும் வேண்டியிருக்கும்.

பறவையைப் பிடிப்பதும் ஃபோகஸும்

600 மி.மீ.இல் வைத்துக்கொண்டு வானத்தில் பறவையைத் தேடினால் அது அகப்படாது. 200 மி.மீ. அளவில் பிடித்து, ஃபோகஸ் கவ்வியபின் ஜூமை நீட்டுவதே எளிது. சிக்மா கன்டெம்பரரியில் ஃபோகஸ் தேடும் தூரத்தை 10 மீட்டருக்கு மேல் மட்டும் எனக் கட்டுப்படுத்தும் பொத்தான் உண்டு. அதைப் போட்டுவைத்தால் முன்னால் ஆடும் நாணலைத் தேடி ஃபோகஸ் ஓடாது.

10 மீட்டர் தூரத்தில், 600 மி.மீ. எஃப்/6.3இல், தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ. மட்டுமே. அந்தத் தூரத்தில் மஞ்சள் மூக்கு நாரை அலகை நேராகக் கேமராவை நோக்கி நீட்டினால், கண்ணும் அலகு நுனியும் சேர்ந்து தெளியா. அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பது நல்லது. முடியாவிட்டால் கண்ணுக்கே ஃபோகஸ் வைக்க வேண்டும்.

காற்றும் தூரமும்

வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்று நீர் நடுவே உள்ள மரங்களைப் படமெடுப்பவர்கள், முற்பகல் 10 மணிக்கு மேல் எடுத்த படங்களில் தெளிவில்லை என்று லென்ஸைக் குறை சொல்வதுண்டு. குற்றம் பெரும்பாலும் காற்றினுடையது. சூடேறிய காற்றடுக்குகள் ஒளியை வளைப்பதால் இறகின் விளிம்பு நெளியும். பல லட்ச ரூபாய் லென்ஸும் இதற்குத் தப்பாது. 600 மி.மீ. லென்ஸின் உண்மையான பயன், கிட்டத்தில் இருக்கும் சிறு பறவையைச் சட்டம் நிறைய எடுப்பதில்தான் இருக்கிறது. ஆகவே காலையில் முதல் இரண்டு மணி நேரமும், பறவை தானாக நெருங்கிவரும் இடமும் முக்கியம். கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துபோகும், குஞ்சு வெயிலில் வாடும். அங்கே கரையைவிட்டு இறங்கக் கூடாது.

தாங்கலும் பராமரிப்பும்

சிக்மா கன்டெம்பரரியின் எடை 1.93 கிலோ, கேமராவோடு சேர்ந்தால் 3 கிலோவை நெருங்கும். கேமராவை மட்டும் பிடித்துத் தூக்கினால் மவுன்ட்டுக்குக் கேடு. லென்ஸின் காலர் வளையத்தில்தான் பிடியும் வாரும் இருக்க வேண்டும். வண்டியிலிருந்து படமெடுக்கும்போது துணிப்பை தாங்கலாக உதவும்: காலியாகக் கொண்டுபோய், போன ஊரில் அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். நெடுநேரம் நின்று எடுக்க மோனோபாட் ஏற்றது.

கடலோர ஊர்களில் ஈரப்பதம் லென்ஸுக்குள் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லும் ஈரப்பதமானியும் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் போதும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் கண்ணாடியில் நீர் படியும். பையைத் திறக்காமல் சிறிது நேரம் விட வேண்டும்.

மிரர்லெஸ் கேமராக்கள் பரவியபின் பழைய டிஎஸ்எல்ஆர் மவுன்ட் லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கின்றன. வாங்குமுன் உள்ளே டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கேமராவிலேயே பூட்டி, 600 மி.மீ.இல், எஃப்/6.3இல் பத்துப் படமாவது எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.