வென்றவர் எழுதிய வரலாறு

போரில் வென்றவர், தோற்றவரின் வரலாற்றை நடுவுநிலை பிறழாது எழுத இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர்க்குக் கர்னல் மார்க் வில்க்ஸ் என்பாரின் வாழ்க்கை ஏற்றதொரு சான்றாகும்.

வில்க்ஸ், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் தீவினர். 1782-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். திப்பு சுல்தானோடு நிகழ்ந்த மூன்றாம் மைசூர்ப் போரின்போது கர்னல் ஸ்டூவர்ட்டின் துணை அலுவலராய்ப் பணியாற்றினார். 1799-இல் நான்காம் போர் மூண்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்புவும் வாளேந்தியவாறே உயிர் நீத்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், மைசூரில் கம்பெனியின் பிரதிநிதியாய் அமரும் வாய்ப்பு வில்க்ஸுக்குக் கிட்டியது.

அந்நாட்டின் பழைமையை அறியும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது. ஐதர் அலி, திப்பு ஆகிய இருவரிடமும் பணி புரிந்து, பின்னர்த் திவானாய் விளங்கிய பூர்ணய்யாவுடன் அவர் பழகினார். காலின் மெக்கன்சியும், அவருக்குத் துணை நின்ற காவலி வேங்கட போரய்யா முதலிய இந்திய அறிஞர்களும் திரட்டிய கல்வெட்டுகளும் ஏடுகளும் அவருக்குப் பெரிதும் பயன்பட்டன. இவ்வாறு உருவான மைசூர் வரலாற்றின் முதற்பகுதி 1810-இல் வெளிவந்தது.

1813-இல் வில்க்ஸ், அட்லாண்டிக் மாகடலின் நடுவே உள்ள செயின்ட் ஹெலினாத் தீவின் ஆளுநரானார். 1815 அக்டோபரில் அத்தீவுக்குச் சிறையாளராய்க் கொண்டுவரப்பட்டவர் யார்? பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனே! 1799-இல் எகிப்திலிருந்து திப்புவுக்கு மடல் விடுத்தவர் அவர்; அம்மடலோ ஆங்கிலேயர் கையில் அகப்பட்டது. காவற்பொறுப்பு கடற்படைத் தலைவர் காக்பர்னிடம் இருந்தது. எனினும், வில்க்ஸ் நெப்போலியனைக் கண்டு உரையாடினார். அவ்வுரையாடல்களைக் குறித்தும் வைத்தார். 1816-இல் அவர் தாயகம் திரும்பினார். மறு ஆண்டில் அவர் நூலின் எஞ்சிய இரு பகுதிகளும் வெளிவந்தன. 1831-இல் அவர் மறைந்தார்.

வில்க்ஸின் நூல் குறையற்றதன்று. சான்றுகளைத் தேடுவதில் சலியாத அவர், திப்புவைப் பகைவர் கண்கொண்டே நோக்கினார். 1951-இல் திப்புவின் வரலாற்றை வெளியிட்ட மொகிபுல் ஹசன் போன்றோர், அவர் கூற்றுகளைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டு மறுத்தனர். வென்றவர் எழுதியதென்று ஒரு நூலைத் தள்ளுதலும் தகாது. அச்சேறியதென்று அப்படியே கொள்ளுதலும் தகாது. எழுதியவர் எப்பக்கம் நின்றார் என்பதை அறிந்து படிப்பதே அறிவுடைமையாகும்.