பள்ளி மணிக்கு முன்னும் பின்னும்

மகவு வளர்ப்பு இல்லத்திற்கும் பள்ளிக்கும் பொதுவான கடமை என்பதை யாவரும் ஒப்புவர். ஆயின், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பொழுது எவருடைய பொறுப்பு என்று வினவுவோர் சிலரே. தாய் வேலைக்குப் புறப்பட்ட பின்னர்ப் பள்ளி மணி அடிக்குமட்டும் உள்ள காலைப்பொழுது ஒன்று. பள்ளி விட்ட பின்னர் வீட்டில் விளக்கேற்றுமட்டும் உள்ள மாலைப்பொழுது மற்றொன்று. இவ்விரு பொழுதுகளிலும் சிறாரைப் பேணும் நிலையங்கள் எத்தன்மையவாயிருத்தல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இது வெறும் ஏட்டு வினா அன்று. பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை பரந்த வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்கள், பள்ளி திறக்குமட்டும் காத்திருத்தல் இயலாது. மேலப்பாளையம், முக்கூடல் முதலிய ஊர்களிலோ பெண்கள் பலர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். தாய் வீட்டில் இருக்கின்றாள் என்பது உண்மையே. ஆயினும், கூலி சுற்றிய எண்ணிக்கைக்கு அளவாதலின், அவள் கண்ணும் கையும் மடியிலுள்ள தட்டை விட்டு அகலா. அருகில் அமர்ந்த பிள்ளையும் மெல்ல அவ்வேலையில் கைவைக்கத் தொடங்குதல் எளிது. பீடி சுற்றுதலைச் சிறாருக்கு விலக்கிய தொழில்களுள் ஒன்றாக 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. எனினும், குடும்பத்தாருடன் சேர்ந்து செய்யும் வேலைக்கு அச்சட்டமே விலக்களித்தது. 2016-ஆம் ஆண்டின் திருத்தமும், அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின் சிறார் உதவுதலை அனுமதித்தது. வீட்டு வாயிலுக்குள் சட்டத்தின் கண் எளிதிற் செல்லாது. ஆங்கே மாலைப்பொழுதைக் காக்கவல்லது அண்மையிலுள்ள நல்லதொரு சிறுவர் நிலையமே.

காலைப்பொழுதின் பொருட்டு நம் மாநிலம் கண்ட ஏற்பாடு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமாகும். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கி, முதற்கண் 1,545 பள்ளிகளில் நடைபெற்ற இத்திட்டம், 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலமெங்கணும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. மாலைப்பொழுதின் பொருட்டு எழுந்தது இல்லம் தேடிக் கல்வி. பெருந்தொற்றினாற் பள்ளிகள் அடைபட்டுக் கிடந்த காலத்துக் கல்வி இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு, 2021 அக்டோபர் 27-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இது தொடங்கப்பெற்றது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறார் மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், தாம் வாழும் தெருவிற்கு அருகிலேயே கூடினர். ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்பது திட்டத்தின் அளவு. அவருக்குத் திங்கள் ஒன்றுக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பெற்றது.

இதனால் விளைந்த பயனை அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்னும் பொருளியலறிஞர் மூவர் அளந்தறிந்தனர். தமிழ்நாட்டுச் சிறார் ஏறத்தாழ 19,000 பேரை ஆராய்ந்த அவர்கள், பள்ளிகள் மீண்டும் திறந்த ஆறு திங்களுக்குள் இழப்பில் மூன்றிலிரு பங்கு ஈடாயிற்றென்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இம்மாலை வகுப்புகளால் விளைந்ததென்றும் கண்டனர்.

நிற்க. கல்விப் பயன் ஒன்றே பேணுதலின் தரமாகாது. நல்ல நிலையத்தின் இலக்கணம் நான்கென்று கொள்வாம்.

முதலாவது, எண்ணளவு. ஒருவர் பெயரும் குணமும் அறிந்து பேணத்தக்க சிறார் தொகைக்கு எல்லை உண்டு. அவ்வெல்லை கடப்பின், பேணுதல் ஒழிந்து காவல் மட்டுமே எஞ்சும்.

இரண்டாவது, நிலைபேறு. திங்கட்கு ஒருவர் மாறிவரும் நிலையத்திற் குழந்தை எவரிடத்தும் தன் குறையைச் சொல்லாது. இன்று சோர்ந்திருக்கும் பிள்ளை நேற்று எவ்வாறிருந்ததென அறிந்தவரே அச்சோர்வைக் காண்பர்.

மூன்றாவது, உணவும் ஓய்வும் விளையாட்டும். நண்பகல் உண்ட பிள்ளைக்கு மாலையிற் பசி எடுத்தல் இயல்பு. ஒரு பிடி சுண்டலும் தூய நீரும் பாடத்திற்கு முற்பட்டனவாம்.

நான்காவது, காப்பு. ஆறும் கால்வாயும் அருகோடும் நம் ஊர்களில், வந்தவர் யார், வாராதவர் யார், யாரோடு வீடு திரும்பினர் என்பதை நாடோறும் ஏட்டிற் குறித்தல் இன்றியமையாதது. அன்று வாராத பிள்ளையை அன்றே தேடுவார் ஒருவர் இருப்பாராயின், அந்நிலையம் ஓலைக் கூரையின் கீழ் நடப்பினும் நன்றே. அவ்வாறு தேடுவார் இல்லையேல், மாடமாளிகையாயினும் பயனில்லை.

இனி, மாலையிலும் பாடமே கற்பித்தால் மதிப்பெண் பெருகுமே என்பாரும் உளர். பின்தங்கிய பிள்ளைக்கு அவ்வுதவி வேண்டற்பாலதே என்பது மேற்காட்டிய ஆய்வினாற் போதரும். ஆயின், நாள் முழுதும் பலகையில் அமர்ந்த சிறாரை மீண்டும் இரண்டு மணி நேரம் அவ்வாறே அமர்த்துதல் அவர்தம் இயல்புக்கு ஒவ்வாது. 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் உறுப்பு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமைகளாகவே கூறுகின்றது. சுவீடன் நாட்டில் இத்தகைய நிலையத்தின் பெயர்க்கே ‘ஓய்வுநேர இல்லம்’ என்பது பொருள். ஆண்டுப் பாடத்தை அரை மணியிலும், கதை, பாட்டு, ஓவியம், பாண்டி, கிளித்தட்டு ஆகியவற்றை எஞ்சிய பொழுதிலும் வைத்தல் நேரிது.

இந்நான்கனுள் நிலைபேறே ஏனையவற்றுக்கு வேர். அவ்வேர் வாடுவது ஊதியக் குறைவினாலாம். 1,000 ரூபாய் நன்றிப் பொருளாகுமேயன்றி, ஒரு பெண் தன் குடும்பத்தை நடத்தும் வருவாயாகாது. வேறு வேலை கிடைத்தவுடன் அவள் செல்லுதல் குற்றமன்று. அவளைப் பிரியும் 20 சிறாருடைய இழப்போ எக்கணக்கிலும் ஏறாது. அன்பை இலவசமாய்ப் பெறலாம் என்று எண்ணும் சமுதாயம், அதனை நெடுநாள் பெறாது. பேணுவாரைப் பேணுதலே சிறாரைப் பேணுதலின் முதற்படி என்பதை ஊராரும் ஆள்வோரும் உணர்தல் வேண்டும்.

நம் கல்லூரி மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. மாலையில் ஒரு மணி நேரம் தத்தம் தெருச் சிறாருக்கு ஈவது அரிதன்று. ஆனால், ஈவதாகச் சொன்ன நாளில் தவறாது செல்வதே அரிது. பத்து நாள் ஆர்வத்தோடு சென்று பதினோராம் நாள் மறைபவர், செல்லாதிருப்பவரினும் மிகுதியாகக் குழந்தையின் மனத்தை வருத்துவர். ஆதலின், குறைவாக ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்டதை நிறைவாகச் செய்ய முயல்வோமாக.