என் சிஸ்டத்தில் வருகிறது, உன் போனில் வரவில்லை!



புராஜெக்ட் வைவா நெருங்க நெருங்க எல்லா லேபிலும் ஒரே வசனம்தான் காதில் விழும். "என் சிஸ்டத்துல சூப்பரா வருதுடா, உன் போன்ல ஏன் வரல?" இதைக் கேட்காத மூன்றாம் ஆண்டு மாணவன் குறிஞ்சிப்பாடியிலும் இல்லை, நெய்வேலி டவுன்ஷிப்பிலும் இல்லை. பாடப் புத்தகத்தில் ஐ.பி. முகவரி என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண் கேள்வி உண்டு. ஆனால் பக்கத்து பெஞ்சில் இருப்பவன் போனில் நம் பக்கத்தைத் திறந்து காட்டுவது எப்படி என்பதற்கு ஒரு மதிப்பெண் கேள்விகூடக் கிடையாது. அதனால் இந்த ஆண்டு மலரில் அதையே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு பழைய கதை. உலகின் முதல் வெப் சர்வரும் நம்முடையதைப் போல ஒரு மேஜை மேல் இருந்த ஒற்றைக் கணிப்பொறிதான். 1990-ஆம் ஆண்டின் கடைசியில் ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் ஒரு நெக்ஸ்ட் கணிப்பொறியில் அதை ஓட்டினார். யாராவது சுவிட்சை அணைத்துவிட்டால் உலக வெப்பே அணைந்துவிடும் அல்லவா? அதனால் இது சர்வர், தயவுசெய்து அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருந்தார். ஆரம்பத்தில் அது செர்னுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே. 1991 ஆகஸ்டில்தான் வெளியுலகத்துக்கு அறிவித்தார். ஆக 'எனக்கு வருகிறது' என்பதிலிருந்து 'உனக்கும் வருகிறது' என்பது வரை உள்ள தூரத்தை அவரும் நடந்துதான் கடந்திருக்கிறார். நாம் எம்மாத்திரம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். நாம் பிரவுசரில் அடிக்கிற 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயர் 127.0.0.1 என்ற எண்ணைக் குறிக்கும். அதற்கு 'நான்' என்று அர்த்தம். நீங்கள் 'நான்' என்றால் அது நீங்கள், நான் 'நான்' என்றால் அது நான். ஆட்டோ அண்ணனிடம் "அண்ணே, என் வீட்டுக்குப் போங்க" என்றால் அவர் எங்கே போவார்? அதே கதைதான். போனில் போய் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் போன் தனக்குள்ளேயே தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும். 127 என்று தொடங்கும் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் முகவரிகளையும் இந்த ஒரு காரியத்துக்கே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு அனுப்பும் எதுவும் நெட்வொர்க் கார்டு வரை போகவே போகாது, உள்ளேயே சுற்றித் திரும்பிவிடும்.

எனவே வெளியாருக்குச் சொல்ல நம் கணிப்பொறியின் நிஜ முகவரி வேண்டும். விண்டோஸில் கறுப்புத் திரையைத் திறந்து 'ஐ.பி.கான்ஃபிக்' என்று அடியுங்கள். லினக்ஸ் என்றால் 'ஐ.பி. அட்ரஸ்'. 192.168.1.7 போல ஏதாவது ஒன்று வரும். இங்கே இரண்டு பொறி இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருந்தால் 192.168.56.1 என்று இன்னொன்றும் சேர்ந்து வரும். அது உங்கள் பெட்டிக்குள் இருக்கும் கற்பனை கார்டின் எண், அதை நண்பனிடம் கொடுத்துப் பயனில்லை. வை-ஃபை என்ற தலைப்புக்குக் கீழே இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்து, 169.254 என்று ஆரம்பித்தால் ரூட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை என்று பொருள். முதலில் இணைப்பைச் சரி பாருங்கள்.

முகவரி கிடைத்ததும் போனை எடுத்துவிடாதீர்கள், அவசரம் வேண்டாம். அதே கணிப்பொறியிலேயே, லோக்கல்ஹோஸ்டுக்குப் பதிலாக அந்த எண்ணைப் போட்டு, போர்ட் எண்ணையும் சேர்த்து, 192.168.1.7:8000 என்று திறந்து பாருங்கள். இந்த ஒரு சோதனை அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். இங்கேயே வரவில்லை என்றால் குற்றம் வை-ஃபையிலும் இல்லை, ஃபயர்வாலிலும் இல்லை. சர்வர் புரோகிராம் தப்பான வாசலில் நிற்கிறது.

வாசல் என்று ஏன் சொல்கிறேன்? ஒரு கணிப்பொறிக்குப் பல வாசல்கள் உண்டு. 127.0.0.1 என்பது கூடத்திலிருந்து அடுப்பங்கரைக்குப் போகும் உள்கதவு. வை-ஃபை கார்டு ஒரு தெருவாசல். கேபிள் போட்டிருந்தால் அது கொல்லைவாசல். சர்வர் எழுந்திருக்கும்போதே "நான் எந்த வாசலில் காது கொடுக்கட்டும்?" என்று முடிவு செய்துகொள்கிறது. ஃபிளாஸ்க் சும்மா ஓட்டினால் 127.0.0.1-ல் 5000 போர்ட். ஜாங்கோ 127.0.0.1-ல் 8000. இரண்டும் உள்கதவில் மட்டும்தான் நிற்கும். தெருவாசலில் எவ்வளவு தட்டினாலும் கேட்காது. ஓட்டும்போதே ஹோஸ்ட் 0.0.0.0 என்று சொன்னால் எல்லா வாசலிலும் நிற்கும். பைத்தானோடு வரும் சின்ன எச்.டி.டி.பி. சர்வரும், சாம்ப்பில் வரும் அப்பாச்சியும் சொல்லாமலே எல்லா வாசலிலும் நின்றுவிடுகிற ரகம். எது எங்கே நிற்கிறது என்று பார்க்க 'நெட்ஸ்டாட் -ஏ.என்.ஓ' என்று அடித்தால் பட்டியல் வரும். உங்கள் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 இருக்கிறதா 0.0.0.0 இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். (0.0.0.0 என்பதை அப்படியே நண்பனின் போனில் அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. அது சர்வருக்குச் சொல்லும் உத்தரவு. யாருடைய வீட்டு முகவரியும் அல்ல.)

ஜாங்கோவில் ஒரு கூடுதல் காவல்காரர் வேறு. அனுமதிக்கப்பட்ட ஹோஸ்ட் பெயர்கள் என்ற பட்டியலில் உங்கள் எண் இல்லாவிட்டால், சர்வர் காதில் விழுந்தும் 400 என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். செட்டிங்ஸ் கோப்பில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

இப்போது போனை எடுங்கள். வரவில்லையா? திரையில் எப்படித் தோற்றது என்று கவனியுங்கள். சட்டென்று 'இணைக்க மறுத்தது' என்று வந்தால் பெரும்பாலும் கணிப்பொறி வரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் ஆள் இல்லை. சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் 'நேரம் முடிந்தது' என்று வந்தால் பெரும்பாலும் ஃபயர்வால், இல்லாவிட்டால் நெட்வொர்க்கே வேறு. விண்டோஸ் ஒவ்வொரு வை-ஃபையையும் பிரைவேட் அல்லது பப்ளிக் என்று பிரித்து வைக்கிறது. புதிய வை-ஃபை வழக்கமாகப் பப்ளிக்கில் போய் விழும், அங்கே கெடுபிடி அதிகம். முதல் தடவை சர்வர் ஓட்டும்போது ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்கும். அதை நாம் படிக்காமலே மூடிவிடுவோம், இல்லையா? அப்போது அது தடை விதி எழுதிக்கொண்டு போய்விடும். ஃபயர்வால் அமைப்பில் 'உள்வரும் விதிகள்' பகுதியில் போய் அந்தத் தடையை எடுத்துவிட்டு, உங்கள் போர்ட் ஒன்றை மட்டும், பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ஃபயர்வாலையே மொத்தமாக அணைக்கச் சொல்லும் சீனியர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். இன்னொன்று, பிங் அடித்துப் பார்த்துப் பதில் இல்லையே என்று மனம் உடையாதீர்கள். விண்டோஸ் பிங்குக்கும் வழக்கமாகப் பதில் சொல்லாது.

எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லை என்றால், போன் மொபைல் டேட்டாவில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேர் இதில்தான் விழுகிறார்கள். அடுத்தது, கல்லூரி, ஹாஸ்டல் போன்ற இடங்களின் வை-ஃபையில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேசக்கூடாது என்று பூட்டு போட்டிருப்பார்கள். விருந்தினர் வை-ஃபையும் அப்படியே. அந்தப் பூட்டு பாதுகாப்புக்காகப் போட்டது, அதோடு சண்டை போட வேண்டியதில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கணிப்பொறியை அதில் சேர்த்துவிட்டால் ஒரு குட்டி நெட்வொர்க் தயார். இரண்டுக்கும் நடுவே போகும் பக்கங்களுக்கு ஒரு எம்.பி. டேட்டாகூடச் செலவாகாது.

இந்த ஹாட்ஸ்பாட் வழியை நான் நம்பக் காரணம் எங்கள் ஊர்த் தறிதான். குறிஞ்சிப்பாடி கைலி எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் மாமா ஒருவர் வைத்திருக்கும் கூடத்துக்காக நானும் இரண்டு நண்பர்களும் ஒரு கணக்கு எழுதும் புராஜெக்ட் செய்தோம். யார் எத்தனை கைலி இறக்கினார், கூலி எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு பிடித்தது என்பதுதான் விஷயம். நோட்டில் இருந்தவரை அந்தக் கணக்கு மாமா கையில் மட்டும். நெய்கிறவர்கள் சனிக்கிழமை கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். "தம்பி, என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு நானே பாக்கணும், அதுக்கு வழி இருக்கா?" என்று ஓர் அண்ணன் கேட்டார். அவரிடம் மாதாமாதம் டேட்டா போட வசதி கிடையாது. கூடத்தில் ஒரு பழைய ரூட்டர், இன்டர்நெட் இணைப்பே இல்லாமல். அதில் மாமாவின் கணிப்பொறி. தறி விட்டு இறங்கி, வை-ஃபையில் சேர்ந்து, கடவுச்சொல் போட்டால் அவரவர் கணக்கு அவரவர் போனில். இரண்டாவது வாரமே ஒருவர் முன்பணப் பிடித்தம் இரண்டு முறை ஏறியிருப்பதைக் காட்டினார். மாமா நோட்டைப் புரட்டிப் பார்த்து, "ஆமாப்பா" என்று திருத்திக் கொடுத்தார்.

அங்கே கற்ற மூன்று விஷயங்கள் எந்தப் புத்தகத்திலும் ஒரே இடத்தில் கிடைக்காதவை. படங்களுக்கும் இணைப்புகளுக்கும் கோடில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று முழு முகவரி எழுதியிருந்தால், பக்கம் வரும், படம் வராது. போன் தனக்குள் படத்தைத் தேடும். ரூட்டர் இன்று .7 தரும், நாளை .12 தரும், எனவே ரூட்டர் அமைப்பில் அந்தக் கணிப்பொறியின் மேக் முகவரிக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். மூன்றாவது கொஞ்சம் வேடிக்கை. கேமராவால் பார்கோடு படிக்கும் பக்கம் கணிப்பொறியில் ஓடும், போனில் ஓடாது. எச்.டி.டி.பி.எஸ். இல்லாத பக்கத்துக்குப் பிரவுசர் கேமரா தராது, லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் சலுகை தரும். 192.168-க்கு அந்தச் சலுகை கிடையாது.

ஊருக்குள் மட்டும் எட்டும் சர்வருக்கு என்ன பெருமை என்று நினைப்பவர்களுக்கு: கடலூரைத் தாண்டினால் பாண்டிச்சேரி, அதன் பக்கத்தில் வில்லியனூர். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு மையம் வைத்து, சுற்றுக் கிராமங்களின் கணிப்பொறிகளை வி.எச்.எஃப். வானொலிக் கருவிகளால் இணைத்தது. டெலிபோன் சரியாக வராத ஊர்களுக்கு விலை விவரம், அரசுத் திட்டம், ஆஸ்பத்திரித் தகவல் எல்லாம் தமிழில் போயின. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமி பற்றிப் போன் செய்ய, அங்கிருந்த தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். கடைசி அரை மைலைக் கடந்தது அந்த ஒலிபெருக்கிதான்.

இனி ஊருக்கு வெளியே. 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்கள் தனியார் நெட்வொர்க்குக்கு என்று 1996-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 ஒதுக்கியது. குறிஞ்சிப்பாடியில் எத்தனை தெருவில் 7-ஆம் நம்பர் வீடு இருக்கிறதோ, அதைவிட அதிகமாக உலகில் 192.168.1.7 இருக்கிறது. சென்னையில் இருக்கும் அக்காவிடம் அந்த எண்ணைச் சொன்னால் அவர் வீட்டு டி.வி. வந்தாலும் வரும். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டால் வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பலாம், ரூட்டருக்குப் பொது முகவரி இருந்தால். மொத்த ஐ.பி.வி4 முகவரிகளே 429 கோடிதான். ஆசியாவுக்கு உரிய இருப்பு 2011 ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் பல கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் உட்கார வைக்கின்றன. ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை இருந்தால் நீங்களும் அந்த வரிசையில்தான். ஃபார்வர்டிங் போட்டுப் பயனில்லை. அப்போது என்குரோக், கிளவுட்ஃபிளேர் டனல் போன்றவை கை கொடுக்கும். உங்கள் கணிப்பொறியே வெளியே போய் ஒரு குழாயைப் போட்டு வைக்கும், வருபவர்கள் அதன் வழியே வருவார்கள். எச்.டி.டி.பி.எஸ். சேர்ந்தே கிடைப்பதால் கேமரா பிரச்சினையும் தீரும்.

ஆனால் வெளியே திறக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாம்ப்பில் வரும் டேட்டாபேஸின் ரூட் பயனருக்கு ஆரம்பத்தில் கடவுச்சொல்லே கிடையாது. அதனால்தான் பி.எச்.பி.மைஅட்மின் பக்கத்தை அந்தக் கணிப்பொறிக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். வீடியோவைப் பார்த்து அந்த வரியை 'எல்லோருக்கும் அனுமதி' என்று மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் கடவுச்சொல் இல்லாமல் வெளியே திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோ டி.பி. டேட்டாபேஸ்களை யாரோ அழித்துவிட்டு, பணம் கொடுத்தால் திருப்பித் தருவோம் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டு முடிவில் வந்த 3.6 பதிப்பிலிருந்துதான் அது தானாக உள்கதவில் மட்டும் நிற்கப் பழகியது.

தறிக் கணக்கை நாங்கள் வெளியே திறக்கவில்லை. அது கூடத்துக்குள் இருப்பவர்களின் கூலி. வைவாவுக்கு மட்டும், கற்பனைப் பெயர்கள் போட்ட ஒரு நகலை டனலில் விட்டு, எக்ஸ்டர்னல் சாரின் போனில் திறந்து காட்டினோம். அவர் பார்த்து முடித்ததும் கறுப்புத் திரையில் கண்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தி மூடிவிட்டோம்.