வகுத்தலே பெருக்கமாகும் விந்தை

கணக்கில் வகுத்தல் வேறு; பெருக்கல் வேறு. ஆயின் ஒருசெல் உயிரிகளின் உலகில் வகுபடுதலே பெருகுதலாகும். ஒன்று இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த இரண்டும் முழுமையான உயிர்களே. இவ்வினப்பெருக்கத்தின் இயல்பையும், அது நம் உடல்நலத்தோடு கொண்டுள்ள தொடர்பையும் இக்கட்டுரையில் காண்போம்.

இருசமப் பிளவு

பாக்டீரியாவுக்குத் தனித்த உட்கரு இல்லை. அதன் மரபுச் செய்தி பெரும்பாலும் வட்டவடிவ டி.என்.ஏ. மூலக்கூறு ஒன்றில் அடங்கியுள்ளது. அம்மூலக்கூறு ஓரிடத்தில் தொடங்கி இருதிசையிலும் படியெடுக்கப்படுகிறது. செல் நீள, படிகள் இரண்டும் இரு பாதிகளுக்கும் விலகிச் செல்கின்றன. பின்னர் நடுவில் ஒருவகைப் புரதம் வளையம்போல் அமைகிறது. அவ்விடத்தில் செல்சவ்வு உள்நோக்கி மடிய, செல்சுவரும் உடன் வளர்ந்து குறுக்குச் சுவராகிறது. முடிவில் செல் இரண்டாகிறது.

பிற முறைகள்

அமீபா, பாராமீசியம், யூக்ளினா ஆகியவற்றுக்கு உட்கரு உண்டு. ஆதலின் முதலில் உட்கருவும், பின்னர் சைட்டோபிளாசமும் பிரிகின்றன. பாராமீசியம் குறுக்குவாட்டிலும் யூக்ளினா நீளவாட்டிலும் பிளவுறும். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட், மொட்டு விட்டுப் பெருகும். மலேரியாவை விளைக்கும் பிளாஸ்மோடியமோ, இரத்தச் சிவப்பணுவினுள் பல பிளவாகப் பெருகி, அவ்வணுவை வெடித்து வெளியேறுகிறது. வைவாக்ஸ் வகையில் இது ஏறத்தாழ 48 மணிக்கு ஒருமுறை நிகழும். குளிர்காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதன் காரணம் இதுவே.

பிளவின் வேகமும் மருந்தும்

குடல்வாழ் எஸ்செரிச்சியா கோலை, உணவும் வெப்பமும் வாய்ப்பாக இருப்பின் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை பிளவுறும். அவ்வேகம் நீடித்தால் 7 மணி நேரத்தில் ஒன்று 20,97,152 ஆகிவிடும். உணவு குறைந்து கழிவு மிகும்போதுதான் அவ்வேகம் தணிகிறது. 1882இல் இராபர்ட் கோக் கண்டறிந்த காசநோய்க் கிருமியோ ஒருமுறை பிளவுறவே ஏறத்தாழ 15 முதல் 20 மணி நேரம் கொள்ளும்.

மெதுவாகப் பெருகும் பகைவன் எளியவன் என்று கருதலாகாது. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், செல்சுவர் உருவாவதைத் தடுப்பது. ஆகவே வளர்ந்து பிளவுறும் கிருமிகளையே அது வீழ்த்தும், உறங்கிக்கிடப்பவை தப்பும். காசநோய்க்கு வேறு மருந்துகள் கூட்டாகத் தரப்படினும், அங்கும் மந்தமாகவோ உறங்கியோ கிடக்கும் கிருமிகளை அழிப்பதே அரிது. அதனாலேயே அந்நோய்க்குப் பெரும்பாலும் 6 மாத மருத்துவம் வேண்டியுள்ளது.

சில வாரங்களில் இருமல் தணியும், உடல் தேறும். 'நோய் நீங்கிற்று' என்று மருந்தை நிறுத்துவோர் உளர். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பிளவுறுகின்றன. படியெடுத்தலில் நேரும் சிறு பிழையால் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் ஒரு கிருமிக்கு வாய்த்திருப்பின், அதன் வழிவந்தவை யாவும் அவ்வாற்றலைப் பெறும். பின்னர் அம்மருந்து அவருக்கும், அவரிடமிருந்து நோய் பெறுவோர்க்கும் பயன்படாது.

இறைவனின் படைப்பில் சிறிதென்று இகழத்தக்கது எதுவுமில்லை. கண்ணுக்குப் புலனாகாத உயிர் தனக்குரிய காலத்தில் பொறுமையாகப் பிளவுறுகிறது. அதனை வெல்ல விரும்பும் மனிதனும், மருத்துவர் வகுத்த நாள்வரை மருந்துண்ணும் பொறுமையைக் கைக்கொள்ளல் வேண்டும்.