மறைந்திருக்கும் வெடிமருந்து

கோலார் தங்கவயல் மக்களுக்கு வெடிச் சத்தம் புதிதல்ல. 1880 முதல் இங்கே பெரிய அளவில் தங்கம் வெட்டி எடுத்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை பூமிக்கு அடியில் பாறையைப் பிளந்தது வெடிமருந்துதான்.

பாறையில் துளை போடுவார்கள். துளைக்குள் வெடிமருந்தை வைப்பார்கள். திரியைப் பற்ற வைத்துவிட்டுத் தூரமாகப் போய் நிற்பார்கள். வெடிச் சத்தத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள்.

பத்துத் துளைகளுக்குத் தீ வைத்தார்கள். ஒன்பது சத்தம்தான் கேட்டது. இதற்கு என்ன பொருள்? ஏதோ ஒரு துளையில் மருந்து வெடிக்காமல் இருக்கலாம். இதை ‘மிஸ்ஃபயர்’ என்பார்கள். அது தெரியாமல் அடுத்த ஆள் அங்கே துளை போட்டால் உயிர் போய்விடும்.

அதனால்தான் சுரங்கச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. வெடிக்காத துளையை மறுபடியும் துளைக்கக் கூடாது. குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாக வேறு துளை போட்டு வெடிக்க வேண்டும். காதும், கண்ணும், விதியும்தான் தொழிலாளிக்குக் காவல்.

இரும்பு இல்லாத வெடி

மறைந்த வெடி சுரங்கத்தில் மட்டும் இல்லை. இலங்கையின் வடக்கே முகமாலை போன்ற ஊர்களில் போர்க் காலத்தில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. 2009-இல் போர் முடிந்தது. கண்ணிவெடி மண்ணுக்குள்ளேயே இருந்தது. சொந்த நிலத்தில் கால் வைக்கவே மக்கள் அஞ்சினார்கள். பெண்களும் பயிற்சி பெற்று, முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்து வெடிகளை அகற்றினார்கள்.

உலோகத்தைக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. ஆனால் பல கண்ணிவெடிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றில் உலோகம் மிகக் கொஞ்சம். மண்ணில் கிடக்கும் ஆணிக்கும் கருவி சத்தம் போடும். எது ஆணி, எது வெடி?

மருந்தே பதில் சொல்லும்

பயிருக்குத் தழைச்சத்து வேண்டும் என்று உழவர்கள் சொல்வார்கள். அந்தத் தழைச்சத்துதான் நைட்ரஜன். பெரும்பாலான வெடிமருந்துகளிலும் நைட்ரஜன் இருக்கிறது. இதை வைத்து விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் நான்முனை ஒத்ததிர்வு.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது ஆடும் தாளத்துக்குத் தள்ளினால் நன்றாக ஆடும். தாளம் தவறித் தள்ளினால் ஆடாது. நைட்ரஜன் அணுவின் கருவும் அப்படித்தான். சரியான ரேடியோ அலை பட்டால் அது அசைகிறது. அலையை நிறுத்தியதும், அதுவே மெல்லிய அலை ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. கருவி அதைக் கேட்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் தாளம் வேறு. ஆர்.டி.எக்ஸ். என்னும் மருந்து, நொடிக்குச் சுமார் 34 லட்சம் முறை அதிரும் அலைக்குப் பதில் சொல்லும். யூரியாவிலும் நைட்ரஜன் உண்டு. ஆனால் அதன் தாளம் வேறு. ஆகவே உர மூட்டையை வெடி என்று கருவி நினைக்காது.

ஜெர்மனியில் 1950-இல் இந்த அதிர்வை முதலில் கண்டறிந்தார்கள். பிறகு அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் இதை வெடிமருந்து தேடப் பயன்படுத்தியது. பெட்டிகளைச் சோதிக்கவும், கண்ணிவெடி தேடவும் கருவிகள் செய்து பார்த்தார்கள்.

கருவிக்கும் எல்லை உண்டு

உலோகப் பெட்டிக்குள் ரேடியோ அலை போகாது. திரவமான மருந்து பதில் சொல்லாது. டி.என்.டி. என்னும் மருந்தின் பதில் மிகவும் மெல்லியது. வானொலி நிலையத்தின் அலைகளே அதை மறைத்துவிடும். ஆகவே நாய்களும், பயிற்சி பெற்ற மனிதர்களும் இன்றும் தேவை.

நாம் செய்ய வேண்டியது

பழைய சுரங்கப் பக்கமோ, கல் குவாரியிலோ, கம்பி நீட்டிய சிறிய உலோகக் குழாய் கிடக்கலாம். அது டெட்டனேட்டராக இருக்கலாம். பார்க்கச் சிறியது. ஆனால் கை விரல்களைப் பறித்துவிடும்.

தொடாதீர்கள். கம்பியை இழுக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பிள்ளைகளை விலக்குங்கள். தூரமாக வந்து, 112 எண்ணில் காவல் துறைக்குச் சொல்லுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. வெடிச் சத்தத்தை ஏன் எண்ணினார்கள்?
2. உலோகம் காட்டும் கருவி ஏன் போதவில்லை?
3. உங்கள் ஊரில் குவாரி உண்டா? பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவீர்கள்? கூடிப் பேசுங்கள்.