இறுகிய தூண்டிற்கோலைப் பிரிக்கும் முறை

தூண்டிற்கோலின் துண்டுகள் ஒன்றினுள் ஒன்று இறுகிப் பிரிய மறுக்குமாயின், கோல் உடைவது பெரும்பாலும் மீனின் இழுப்பால் அன்று. பிரிக்க முயலும் கைகளால்தான். சங்கத் தணிக்கைக்காக நாம் செல்லும் ஊர்களில், உடைந்த கோல்களைக் கண்ட இடமெல்லாம் முறிவு இணைப்புக்கு அருகிலேயே இருந்தது. ஆதலின் இம்மாதப் பாடத்திற்கு இப்பொருளையே எடுத்துக் கொண்டோம்.

சிக்கலிலிருந்து சிக்கலைப் பற்றி எழுதுகிறீர்களா என்று அங்கத்தினர்கள் நகைக்கக் கூடும். நாகப்பட்டினத்துச் சிக்கல் அன்று, இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்துச் சிக்கலையே குறிக்கிறோம். இங்கு சுற்றிலும் கண்மாய்கள். தெற்கே சிறிது தொலைவில் வாலிநோக்கம் கடல். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகிவிட்டால், மிளகாய்க் கொல்லையில் வேலை ஓய்ந்த மாலைப்பொழுதில் கரையில் நாலு பேராவது தூண்டிலுடன் அமர்ந்திருப்பர். மீன்பாசி ஏலம் எடுத்தவரின் இசைவு பெற்று அமர்வதே முறை என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம்.

ஒரே மூங்கிற் கம்பில் நரம்பைக் கட்டி, மண்புழுவைக் கோத்து எறிந்த காலத்தில் இவ்விடர் இல்லை. இப்போது வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வருவோர் அடுக்குக் கோல்களைக் கொண்டு வருகின்றனர். நகரக் கடைகளிலும் அவை கிடைக்கின்றன. முழங்கை நீளமுள்ள ஒரு பொருள், இழுத்தால் ஓராளுக்கு இரண்டாளாக நீள்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், துண்டுகள் எத்தனையோ அத்தனை இணைப்புகள். இணைப்புகள் எத்தனையோ அத்தனை இறுக்கங்கள்.

இக்கோல்களில் மூவகை உண்டு. முதலாவது, பிளந்த மூங்கிலாலும் மரத்தாலும் செய்து பித்தளைப் பூண் இட்டவை. இவை பழைய காலத்தவை, இன்று சில இல்லங்களில் மட்டும் உள்ளன. இரண்டாவது, இரண்டு மூன்று துண்டுகளை ஒன்றன் வாயில் மற்றொன்றின் முனையைச் செருகிப் பொருத்துபவை. மூன்றாவது, மேற்சொன்ன அடுக்குக் கோல். பின்னைய இரண்டும் கண்ணாடியிழையாலோ கரியிழையாலோ ஆனவை. கண்ணாடியிழைக் கோல்கள் 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தன. கரியிழைக் கோல்கள் 1970-களில் வந்தன. கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். நீட்டிய கோலுடன் மின்கம்பியின் கீழ்க் கண்மாய்க் கரையில் நடப்பது உயிருக்கே தீங்காய் முடியும் என்பதனால், பாடத்தின் நடுவே இதனைச் சொல்ல நேர்ந்தது.

இறுகுவதற்குக் காரணம் யாது? நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பரமக்குடியிலோ எமனேசுவரத்திலோ தார் சுற்றும் ராட்டையைப் பாருங்கள். ராட்டையின் கதிர் நுனி சிறுத்தும் அடி பருத்தும் இருக்கும். தார்க்குச்சியை அதன்மேல் அழுத்திச் செருகினால், ஆணியும் இல்லை, கட்டும் இல்லை. ஆயினும் அது கதிரோடு சேர்ந்து சுழல்கிறது. சாய்வு மிகச் சிறிதாக இருப்பதால் செருகும் விசை பக்கவாட்டில் பன்மடங்காகப் பெருகுகிறது. வெளிக்குழல் சிறிதே விரிந்து உள்முனையைக் கவ்விக் கொள்கிறது. உராய்வு அதனை விடுவதில்லை. 1860-களில் அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் துளைக்கருவிகளுக்கு வகுத்த சாய்வும் இவ்விதியைப் பின்பற்றியதே. இன்றும் கடைசல் பட்டறைகளில் அதனைக் காணலாம். தூண்டிற்கோலின் இணைப்பும் அவ்வாறே. இறுக்கம் அதன் குறையன்று. அதன் இயல்பே அது. அளவுக்கு மீறும்போதுதான் தொல்லை.

அளவு மீறச் செய்பவற்றுள் முதலாவது உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இணைப்பின் இடுக்கில் புகுந்த நீர் உலர்ந்ததும் உப்பு மணிமணியாகத் தங்கி, ஆப்பு வைத்தாற்போல் இறுக்குகிறது. மாரியூர் - வாலிநோக்கம் உப்பளத்தைக் கண்டவர்களுக்கு இக்கரையின் வெயிலும் காற்றும் நீரை எவ்வளவு விரைவில் உப்பாக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது மணல். ஒரு மணல்மணி போதும். மூன்றாவது உலோகப் பூண்களில் ஏற்படும் களிம்பும், அலுமினியத்தில் பூக்கும் வெண்பொடியும். இவை உலோகத்தைக் காட்டிலும் மிகுந்த இடத்தை அடைப்பதால் இடுக்கு நிரம்பிப் போகிறது. நான்காவது நம் கையின் அவசரம். அடுக்குக் கோலைச் சாட்டைபோல் வீசி நீட்டுவது இளைஞர்களுக்கு ஒரு விளையாட்டு. அந்த ஒரு வீச்சில் எல்லாத் துண்டுகளும் சம்மட்டியால் அடித்தது போல் இறுகுகின்றன.

இனி, இறுகியதைப் பிரிக்கும் முறைக்கு வருவோம்.

எந்தக் கோலாயினும் முதலில் நல்ல தண்ணீரில் இணைப்பை நனைத்துக் கால்மணி நேரம் விட்டு வைக்க வேண்டும். உப்பே காரணமாயின் அது கரையும். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். மூங்கிற் கோலுக்கு மட்டும் இது ஆகாது. மண்வெட்டிக் காம்பு தளர்ந்தால் நீரில் ஊறவிட்டு இறுக்குவது விவசாயிகள் அறிந்ததே. மூங்கிலும் அதுபோல் ஊறிப் பருத்துப் பூணை மேலும் நெருக்கும். அதனை நிழலில் உலர்த்தியே இளக்க வேண்டும்.

அடுத்து, பிடி. வழுக்கும் கையால் இழுத்துப் பயனில்லை. பழைய சைக்கிள் டியூபை அறுத்து இரண்டு பட்டைகளாக்கி, இணைப்பின் இரு புறமும் சுற்றிக் கொண்டால் பிடி நழுவாது. நரம்பு ஓடும் வளையங்களைப் பிடிமானமாகக் கொள்ளலாகாது; அவை நூலாலும் பசையாலும் நிற்பவை. குறடு, பைப் ரெஞ்சு முதலியவற்றை அருகிலும் கொண்டு வர வேண்டாம். நாம் அறிந்த ஓர் அங்கத்தினர், மைத்துனர் அனுப்பிய கோலைக் குறட்டால் நெருக்கித் திருகினார். இணைப்பு விட்டது; ஆயின் வாய் நசுங்கிப் பிளந்தது. அதே அளவுள்ள துண்டு இங்கு எக்கடையிலும் அகப்படவில்லை. விருந்தாகப் பெற்ற பொருள் இன்று அவர் வீட்டுப் பந்தற்காலுக்குத் துணையாய் நிற்கிறது.

தனியாள் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. சற்றே குந்தி, கோலை முழங்கால்களின் பின்புறம் குறுக்காக வைத்துக் கொள்ள வேண்டும். இணைப்பு நடுவில் இருக்க, கைகள் இரண்டும் முழங்கால்களின் வெளிப்புறத்தை ஒட்டிக் கோலைப் பற்ற வேண்டும். பிறகு கைகளை இழுக்காமல் முழங்கால்களை மெல்ல அகற்றினால், அவை கைகளை இரு பக்கமும் நேராகத் தள்ளும். கையைவிடக் காலுக்கு வலிமை மிகுதி, விசையும் கோணாது. நேராகச் செல்லும் விசை எவ்வளவு மிகினும் குழலைக் கெடுப்பதில்லை. சிறிது வளைந்த விசையோ மெல்லிய குழலின் வாயைக் கிழித்துவிடும். இப்பாடத்தில் மனத்தில் இருத்த வேண்டிய ஒன்றே ஒன்றைக் கேட்டால் இதனையே சொல்வோம்.

இருவர் கூடினால் இன்னும் எளிது. ஆனால் ஆளுக்கொரு துண்டைப் பிடித்து வடம் இழுப்பது போல் இழுப்பது தவறு. இணைப்பு திடீரென விடும்போது இருவரும் சாய்வர், கோலும் வளையும். எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் ஒரு கையால் ஒரு துண்டையும் மறு கையால் மறு துண்டையும் பற்ற வேண்டும். அப்போது நான்கு கைகளும் சமமாக விலகும்; எவரும் தடுமாறுவதில்லை.

இதற்கும் இளகாவிடில், இணைப்பைச் சுற்றி ஐஸ் கட்டியைத் துணியில் பொதிந்து பத்து நிமிடம் வைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் முயலலாம். மீன் வியாபாரம் நடக்கும் ஊரில் ஐசுக்குப் பஞ்சமில்லை. பித்தளைப் பூணாயின் வெளிப்பூணின்மேல் மட்டும் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர்த் துணியைச் சுற்றி உடனே இழுக்க வேண்டும்; உட்பூண் சூடேறுமுன் வெளிப்பூண் விரிவதே இதன் பயன். கரியிழை சூட்டுக்கு ஏறக்குறைய விரிவதே இல்லை. ஆகவே அதனை மெழுகுவர்த்தியில் காட்டுவோர் இழைகளைப் பிணைத்திருக்கும் பிசினை இளக்கிக் கோலைப் பாழாக்குவதன்றி வேறொன்றும் பெறுவதில்லை. களிம்பேறிய உலோகப் பூணுக்கு மட்டும் விளிம்பில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வைக்கலாம். பிரிந்த பின் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

அடுக்குக் கோலின் நிலை வேறு. அங்கு இழுத்துப் பிரிப்பதன்று. உள்ளே தள்ளி அடக்குவதே வேலை. துண்டுகளை இரு கையாலும் இணைப்பை ஒட்டிப் பற்றி, மிகச் சிறிதளவு திருகிக் கொண்டே உள்ளே தள்ள வேண்டும். வராவிடில் அடிப்பக்கத்து மூடியைத் திருகி எடுங்கள். இறுகாத சிறு துண்டுகள் அவ்வழியே கீழே வந்துவிடும். அவற்றை வரிசை மாறாமல் ஒரு துணியில் பரப்பி வைக்கலாம். எஞ்சிய இறுகிய இரண்டையும் தலைகீழாக நிறுத்தி, சிறுதுண்டின் முனை ஒரு மரப்பலகையின் மேலுள்ள ரப்பர்த் துண்டில் படுமாறு செங்குத்தாக மெல்லத் தட்ட வேண்டும். ஓங்கி அடிப்பதால் வராதது, இருபது முறை மெல்லத் தட்டுவதால் வந்துவிடும். சிமெண்டுத் தரையில் தட்டினால் முனை வளையம் சிதையும்.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. ஆயினும் செய்வார் சிலரே. செருகுமுன் முனையையும் வாயையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். செருகும் கோலாயின், வளையங்கள் கால்வட்டம் விலகி நிற்குமாறு வைத்து, தள்ளிக் கொண்டே திருப்பி நேராக்கினால் அளவான இறுக்கம் கிடைக்கும். அடுக்குக் கோலை வீசாமல் நுனித் துண்டிலிருந்து ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும். அடக்கும்போது அடித்துண்டிலிருந்து தொடங்க வேண்டும். மீன்பிடித்து முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். நாளையும் போகிறோமே என்று சேர்த்தே சுவரில் சாத்தி வைத்த கோல்தான் மறுவாரம் நம்மை வருத்துகிறது. கடலில் பயன்படுத்தியதை நல்ல தண்ணீரில் அலசி, மூடியைக் கழற்றி, நிழலில் உலர்த்திய பின்பே உறையிலிட வேண்டும். ஈர உறையில் இட்டால் அலசியும் பயனில்லை.

எண்ணெய் தடவலாமா என்று பலர் கேட்கின்றனர். இழைக் கோலில் கூடாது. எண்ணெய்ப் பசையில் மணல் ஒட்டும். தவிர, உராய்வு குன்றினால் வீசும்போது முன்துண்டே பறந்து நீரில் விழும். மாறாக, சாதாரண மெழுகுவர்த்தியைச் செருகுமுனையில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து விரலால் பரப்பினால் போதும். பித்தளைப் பூணுக்கு மேனாட்டார் ஒரு வேடிக்கையான வழி வைத்திருந்தனர்: உட்பூணைத் தம் மூக்கின் ஓரத்தில் தேய்த்துக் கொள்வார்கள்! அங்குள்ள எண்ணெய்ப்பசையே அதற்கு அளவாகுமாம். மிளகாய்த் தோட்டத் தெளிப்பானின் குழலையும் இவ்வாறே எண்ணிவிட வேண்டாம். அது மரையிட்ட இணைப்பு. அங்கு கிரீசு தடவுவது நன்று. மரைக்கு எண்ணெய், சாய்வுக்கு மெழுகு.

வாயின் விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றிவிட்டதாயின், அது நீளுமுன் நெசவாள அங்கத்தினர் ஒருவரிடம் கொண்டு செல்லலாம். உறுதியான மெல்லிய நைலான் நூலை விளிம்பிலிருந்து தொடங்கி, சுற்றுக்குச் சுற்று இடைவெளியின்றி ஓர் அங்குல நீளத்துக்கு இழுவை குன்றாமல் சுற்ற வேண்டும். கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு முன் தனி நூலால் ஒரு கண்ணியை வைத்து அதன்மேலேயே சுற்றி, நூல் நுனியைக் கண்ணியில் கோத்து இழுத்துக் கொண்டால் முடிச்சே இல்லாமல் அடங்கிவிடும். அதன்மேல் இருகுழாய்ப் பசையை மெல்லியதாகப் பூசி, பசை வாயினுள் வழியாதபடி கோலைத் திருப்பிக் கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் காய்ந்த பின்னரே துண்டுகளைச் செருகிப் பார்க்கலாம்.